உலோகத்தின் பயன்தொடக்க அலைநீளத்தைக் கண்டறியும் முறை

ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளிவருவதே ஒளிமின் விளைவு. அதன் கணக்குகளில் மதிப்பெண் இழப்பவர்களில் பலர் சமன்பாட்டைச் சரியாகவே எழுதியிருப்பார்கள், திசையில்தான் தவறியிருப்பார்கள். பயன்தொடக்க அதிர்வெண், அதாவது எலக்ட்ரான் வெளிவரத் தொடங்கும் ஒளியின் அதிர்வெண், ஒரு சிறும அளவு. பயன்தொடக்க அலைநீளமோ ஒரு பெரும அளவு. ஒளித்துகளான ஃபோட்டானின் ஆற்றல் அலைநீளத்திற்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், அந்த எல்லையை விட நீண்ட அலைநீளமுள்ள ஒளி எவ்வளவு செறிவாக விழுந்தாலும் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளிவராது. எல்லையை விடக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி மங்கலாக இருந்தாலும் எலக்ட்ரான்கள் உடனே வெளிவரும்.

கணக்கிடும் வழி எளிது. பிளாங்க் மாறிலியையும் ஒளியின் வேகத்தையும் பெருக்கினால் ஏறத்தாழ 1240 எலக்ட்ரான் வோல்ட்-நானோமீட்டர் கிடைக்கும். இதை உலோகத்தின் வெளியேற்று ஆற்றலால், அதாவது அதன் பரப்பிலிருந்து ஓர் எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான சிறும ஆற்றலால், வகுத்தால் பயன்தொடக்க அலைநீளம் வந்துவிடும். சீசியத்தின் வெளியேற்று ஆற்றல் 2.14 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் அதன் எல்லை சுமார் 579 நானோமீட்டர், அதாவது மஞ்சள் ஒளி. பொட்டாசியத்திற்கு 2.30, எல்லை 539 நானோமீட்டர், பச்சை. துத்தநாகத்திற்கு 4.3 என்பதால் எல்லை 288 நானோமீட்டருக்கு இறங்கிப் புற ஊதாவுக்குள் சென்றுவிடுகிறது.

வெளியேற்று ஆற்றல் ஜூலில் தரப்பட்டிருந்தால் 1.6 × 10⁻¹⁹ ஆல் வகுத்து எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மாற்றுங்கள். வேதியியல் கணக்குகளில் மோலுக்குக் கிலோஜூல் என்று வரும், அதை 96.5 ஆல் வகுக்க வேண்டும்.

இந்த எல்லையைக் கண்ணால் பார்க்க ஆய்வகத்தில் ஒரு தங்க இலை மின்காட்டி, அதாவது மின்னூட்டம் இருக்கும்வரை இலைகள் விரிந்து நிற்கும் கருவி, போதும். துத்தநாகத் தகட்டை உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்த்து மின்காட்டியின் மேல் வைத்து, எதிர் மின்னூட்டம் கொடுங்கள். தேய்ப்பதை அலட்சியமாக விட்டுவிடக் கூடாது; பரப்பில் படிந்த ஆக்சைடு அப்படியே இருந்தால் சோதனை பெரும்பாலும் கைகொடுக்காது. விரிந்து நிற்கும் இலைகள் சாதாரண மின்விளக்கை எவ்வளவு அருகில் கொண்டு வந்தாலும் அசையாமல் நிற்கும். 254 நானோமீட்டர் ஒளியை உமிழும் பாதரச விளக்கை ஏற்றியதும் எலக்ட்ரான்கள் வெளியேறி மின்னூட்டம் குறைவதால் இலைகள் மெல்ல மடங்கத் தொடங்கும். நடுவில் ஒரு சாதாரணக் கண்ணாடித் தகட்டைப் பிடித்தால் மடங்குவது நின்றுவிடும், ஏனெனில் கண்ணாடி அந்தப் புற ஊதாக் கதிரை உட்கவர்ந்துகொள்கிறது. 1887-இல் இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் இந்த விளைவை முதன்முதலில் கவனித்தபோதும் கண்ணாடி தடுத்தது, குவார்ட்ஸ் தடுக்கவில்லை. நேர் மின்னூட்டம் கொடுத்தும் ஒருமுறை செய்து பாருங்கள்: வெளிவரும் எலக்ட்ரான்களைத் தகடே திரும்ப ஈர்த்துக்கொள்வதால் இலைகள் மடங்குவதில்லை. இந்த விளக்கை நேராகப் பார்ப்பதும் தோலில் படவிடுவதும் ஆபத்து. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

வெளியேற்று ஆற்றல் தெரியாத உலோகமாக இருந்தால் நிறுத்து மின்னழுத்தத்தை, அதாவது மிக வேகமாக வெளிவரும் எலக்ட்ரானையும் தடுத்து நிறுத்தும் மின்னழுத்தத்தை, அளக்க வேண்டும். ஃபோட்டானின் ஆற்றலிலிருந்து வெளியேற்று ஆற்றலைக் கழித்தால் மீதி எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல் என்று 1905-இல் ஐன்ஸ்டைன் கூறினார். 400 நானோமீட்டர் ஒளி பொட்டாசியத்தின் மீது விழுந்தால் ஃபோட்டானுக்கு 3.10, கழிவு 2.30, மீதி 0.80 எலக்ட்ரான் வோல்ட். ஆகவே நிறுத்து மின்னழுத்தம் 0.80 வோல்ட். இவ்வாறு நான்கைந்து அதிர்வெண்களுக்கு அளந்து, கிடைமட்ட அச்சில் அதிர்வெண்ணையும் செங்குத்து அச்சில் நிறுத்து மின்னழுத்தத்தையும் குறித்தால் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் அமையும். எந்த உலோகத்தை எடுத்தாலும் கோட்டின் சாய்வு மாறாது என்பதே இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இயற்பியலாளர் மில்லிகன் 1916-இல் வெளியிட்ட அளவீடுகளில் பிளாங்க் மாறிலி இந்தச் சாய்விலிருந்தே கிடைத்தது. உலோகத்துக்கு உலோகம் மாறுவது கோடு கிடைமட்ட அச்சை வெட்டும் இடம் மட்டுமே. பொட்டாசியத்திற்கு அது 5.56 × 10¹⁴ ஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை அதனால் வகுத்தால், முன்பு கணக்கிட்ட அதே 539 நானோமீட்டர் கிடைக்கும்.