மரத்துக்கு முன்னால் கோடு

முதல் ஆண்டு 400 கன்று நட்டோம். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே உள்ள வெருலம் ஊருக்கு மேற்கே, உம்ட்லோட்டி ஆற்றுக்கு இறங்கும் ஒரு சிற்றோடையின் இரு கரையிலும். அப்பா காலத்தில் அது கரும்பு நிலம். அவர் போன பிறகு விலை கட்டாமல், வெட்ட ஆளும் கிடைக்காமல், மறுதாம்பும் (வெட்டிய தூரிலிருந்து தானே முளைக்கும் கரும்பு) புல்லும் சோகையுமாக (காய்ந்த கரும்புத் தோகை) கிடந்தது. நவம்பரில் நட்டவை மார்ச்சுக்குள் முழங்காலைத் தாண்டிவிட்டன. ஆகஸ்டில் ஒரு நாள் பகல் 2 மணிக்கு, மேட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ குப்பைக்கு வைத்த நெருப்பு காற்றோடு ஏறி வந்தது. 4 மணிக்கு எண்ணிப் பார்த்தோம். 37 கன்று மிச்சம்.

அதற்குப் பிறகு ஒரு முறை வைத்திருக்கிறோம்: தீத்தடுப்புக் கோடு, அதாவது தீ தாண்டாதபடி எல்லையில் புல்லை அகற்றிய பட்டை, போடாமல் ஒரு கன்றும் மண்ணில் இறங்காது. இந்த நேட்டால் கரையோரம் கைவிட்ட கரும்பு நிலமோ ஓடைக்கரையோ வைத்திருக்கிற நம்மவர்களுக்காக, நாங்கள் செய்வதை அப்படியே எழுதுகிறேன்.

ஓடைக்கரை எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளை நினைவூட்டினால் போதும். டர்பன் சுற்றுவட்டாரத்தில் 400 பேருக்கு மேல் அந்த மழையில் போனார்கள். டொங்காட் குடிநீர் நிலையம் உடைந்து, அந்த ஊர் சனங்கள் மாதக்கணக்கில் வாளியோடு தண்ணீர் வண்டிக்குக் காத்து நின்றார்கள். எங்கள் சரிவில் பழைய மரங்கள் நின்ற இடத்தில் மண் அசையவில்லை. வெறும் மறுதாம்பு நின்ற இடத்தில் ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் விழுந்து, செம்மண் முழுதும் ஆற்றோடு போயிற்று.

ஆடிப்பட்டம் இங்கே செல்லாது

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று எங்கள் ஆயா சொல்வாள். ஆனால் அவள் ஆடியில் ஒரு விதைகூடப் போட்டதில்லை. இங்கே ஆடி குளிர்காலத்தின் நடு. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் மலைச்சரிவுப் புல் வைக்கோலாகக் காய்ந்து நிற்கும். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்களும் பழமொழியைக் கொண்டுவந்துவிட்டு, பட்டத்தை இங்கே புதிதாகத்தான் கற்றிருப்பார்கள்.

எங்கள் கணக்கு இது. மாசி, பங்குனியில் கோட்டின் இரு ஓரத்தையும் செதுக்கி வைப்பது. சித்திரைக்குள் புதர் அகற்றுவது. வைகாசி, ஆனியில் ஓரங்களுக்கு நடுவே உள்ள புல்லை எரிப்பது. ஆடியிலிருந்து புரட்டாசி விரதம் முடிகிற வரை காவல். ஐப்பசியில் மழை பிடித்ததும் நடவு. தைப்பூசக் காவடி இறங்கிய பிறகு புதுக் கன்று நடுவதில்லை. வேர் பிடிக்க மழை நாள் போதாது.

முதலில் பக்கத்து வீட்டுக்குப் போங்கள்

மண்வெட்டியை எடுப்பதற்கு முன் அண்டை நிலத்துக்காரர்கள் எல்லாரையும் பாருங்கள். கடுதாசி பிறகு எழுதலாம், முதலில் நேரில் போய் உட்காருங்கள். எங்கள் மேட்டுக்கு மேற்கே ஒரு சூலு இன மூதாட்டி இருக்கிறார். கோகோ என்றுதான் நான் கூப்பிடுவேன், பாட்டி என்று அர்த்தம். மாட்டுக்கு இளம்புல் துளிர்க்க வேண்டும் என்று ஆண்டுதோறும் புல்லை எரிப்பவர். எரிக்காதீர்கள் என்று சொல்லத்தான் போனேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அப்போ என் மாடு எதைத் தின்னும்?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் வழி பிறந்தது. அவர் செப்டம்பரில் தனியாக எரித்துவந்த அதே பட்டையை, ஜூனில் பனி ஈரம் இருக்கும் காலை நேரத்தில், எல்லாரும் சேர்ந்து எரிக்கிறோம். எங்களுக்குக் கோடு, அவர் மாட்டுக்குப் புல். அதுவரை எதிரி என்று நான் நினைத்த நெருப்பு இப்போது எங்கள் மேற்கு எல்லையைக் காக்கிறது.

தேன் எடுக்க வரும் பையன்களிடமும் பேசுங்கள். தீப்பந்தத்தை மரப்பொந்தில் வைத்துவிட்டுப் போவதால் எத்தனையோ தீ கிளம்பியிருக்கிறது. அவர்களை விரட்டினால் இரவில் வருவார்கள். நாங்கள் மூடியுள்ள ஒரு புகைத்தகரமும் தண்ணீர்க் கேனும் கொடுத்து, வந்தால் சொல்லிவிட்டு வரச் சொன்னோம். சொல்லிவிட்டுத்தான் வருகிறார்கள்.

இனி சட்டம். 1998ஆம் ஆண்டின் 101ஆம் எண் புல்வெளி, காட்டுத் தீச் சட்டம்தான் அடிப்படை. தீ கிளம்பக்கூடிய, தீ பரவக்கூடிய நிலம் உள்ளவர் எல்லையில் கோடு போட்டுப் பராமரிக்க வேண்டும். எத்தனை மீட்டர் என்று சட்டம் சொல்லவில்லை. தீயைத் தடுக்க நியாயமான வாய்ப்புள்ள அகலமும் நீளமும் வேண்டும், மண்ணரிப்பு உண்டாக்கக் கூடாது, எரிபொருள் கிடக்கக் கூடாது என்கிறது. கோட்டை எரிக்கும் நாளை அண்டை நிலத்தாரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். பேச்சு முடியாவிட்டால் 14 நாளுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தீ அபாய எச்சரிக்கை உள்ள நாளில் எரிக்கவே கூடாது.

உங்கள் வட்டாரத்தில் தீப் பாதுகாப்புச் சங்கம் இருந்தால் சேர்ந்துவிடுங்கள். உங்கள் நிலத்திலிருந்து பரவிய தீயால் இழப்பு என்று வழக்கு வந்தால், சங்கத்தில் இல்லாதவர் கவனக்குறைவாக இருந்தார் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது அவர் தலையில் விழும். சிறு நிலத்துக்காரர் அந்தச் சுமையைத் தாங்க முடியாது.

கோடு போடுவது

நம்மைக் கெடுப்பது உள்நாட்டு மேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வறண்ட சூட்டுக் காற்று. பெர்க் விண்ட் என்பார்கள். குளிர்கால நடுவிலும் திடீரென்று சட்டையைக் கழற்றவைக்கும் வெயிலும் காற்றும் வந்தால் அதுதான். பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வரும். ஆகவே மேற்கிலும் வடக்கிலும் எங்கள் கோடு 10 மீட்டர், மற்ற பக்கம் 5. இது எங்கள் நிலத்துக்கு நாங்கள் வைத்த அளவு. உங்கள் புல்லின் உயரத்தைப் பார்த்து நீங்கள் முடிவு செய்ய வேண்டும். ஆள் உயரக் கினிப்புல்லில் எரியும் தீக்கு 5 மீட்டர் ஒரே தாவல்.

சரிவைக் கவனியுங்கள். தீ மேட்டில் ஏறும்போதுதான் ஓடும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பு. பாதிச் சரிவில் போடும் கோடு பெரும்பாலும் வீண். அடிவாரத்தில் ஒன்று, மேட்டு உச்சியைத் தாண்டி மறுபக்கத்தில் ஒன்று. சமமட்டத்தில் போகும் கோட்டை மண் தெரியச் செதுக்கலாம். மேலிருந்து கீழே இறங்கும் கோட்டைச் செதுக்கவே செதுக்காதீர்கள், அடுத்த கோடை மழையில் அது வாய்க்காலாகிவிடும். அங்கே புல்லை ஒட்ட வெட்டி, வெட்டியதை வாரி எடுத்தால் போதும்.

எங்களுக்குக் கைகொடுத்தது சர்க்கரைவள்ளி. இந்தக் கரையோரத்தில் உறைபனி இல்லை. கொடி குளிர்காலத்திலும் பச்சையாகத் தரையை மூடிக் கிடக்கும். ஓடைப்பக்கக் கோட்டை ஆறு குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்தோம். கிழங்கு அவர்களுக்கு. புல் முளைத்தால் கேட்க வேண்டியதே இல்லை, தங்கள் பாத்தி என்று அவர்களே பிடுங்கிவிடுகிறார்கள். மதுரை வீரன் சாமி எல்லையில் நிற்பதுபோல அந்தப் பச்சைப் பட்டை நிற்கிறது.

பாரஃபின் புதர்

குரோமோலீனா என்பது அதன் அறிவியல் பெயர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த களை. இங்கே பாரஃபின் புதர் என்று பேர் வந்ததற்குக் காரணம் உண்டு: இலையில் எண்ணெய் இருப்பதால் பச்சையாகவே எரியும். புல்தீ பொதுவாகக் காட்டின் ஓரத்தில் நின்று அடங்கும். ஓரத்தில் இந்தப் புதர் இருந்தால் அதன்மேல் ஏறிக் காட்டுக்குள் போய்விடும். எங்கள் ஓடையோரப் பழைய மரங்களில் 9 அப்படித்தான் கருகின.

மழைக்கு மறுநாள் இளஞ்செடி கையோடு வரும், பிடுங்குங்கள். முதிர்ந்ததைத் தரையோடு வெட்டி, உடனே அடிக்கட்டையில் களைமருந்து தடவ வேண்டும்; அரைமணி விட்டால் காய்ந்துவிடும். பூப்பதற்கு முன் முடியுங்கள், விதை காற்றில் பறக்கும். வெட்டியதை மரத்தடியில் குவிக்காதீர்கள்.

சிரிங்கா மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலைவேம்பின் இனம். எங்கள் வீட்டில் வேப்பிலை கிடைக்காத காலத்தில் அம்மனுக்கு இதன் இலையைத்தான் கட்டினார்கள். ஆயா நட்டது ஓடையோரம் நின்றது. அதன் பழம் பறவையாலும் தண்ணீராலும் பரவி, கரை முழுக்கக் கன்றாகி, உள்ளூர் மரங்களை முளைக்கவிடவில்லை. இந்த நாட்டுச் சட்டத்தில் அது ஆக்கிரமிப்பு மரம். வெட்டும் முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டேன். அந்த இடத்தில் ஓர் அத்தி நிற்கிறது.

கன்று

நர்சரியில் காசு கொடுத்து வாங்க வேண்டாம். வெருலத்துக்குப் பக்கத்திலேயே பஃபல்ஸ்டிராய் குப்பைக் கிடங்கைச் சுற்றி, பழைய கரும்பு நிலத்தில், டர்பன் நகராட்சி 2008இல் காடு வளர்க்கத் தொடங்கியது. அங்கே சுற்றுவட்டாரக் குடும்பங்கள் வீட்டு முற்றத்தில் கன்று வளர்த்துக் கொடுத்து, அதற்கு மாற்றாக உணவுப் பொருளும் பள்ளிக் கட்டணமும் பெற்றார்கள். நாங்கள் அதைச் சிறிய அளவில் பின்பற்றினோம். முழங்கால் உயரக் கன்று ஒன்றுக்கு இரண்டு கிலோ மாவு. குளிர்பான பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டி, அடியில் நான்கு ஓட்டை. செம்மணலும் மக்கிய உரமும் பாதிப் பாதி. குரங்குக்கு வலை கட்டாயம்.

மரங்களைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லாம் நம் ஊர் மரங்களின் சொந்தங்கள். உம்டோனி நாவலின் உறவு. பழமும் நாக்கை ஊதாவாக்கும். உம்சின்சி கல்யாண முருங்கை இனம், இலைக்கு முன் சிவப்பாகப் பூக்கும்; அந்தப் பூவைப் பார்த்துத்தான் சூலு விவசாயிகள் விதைப்புக்குத் தயாராவார்கள். குடை விரித்த ஃபிளாட்கிரவுன் வாகை இனம். உம்சிம்பித்தி புங்கையின் உறவு. ஈச்சமரத்துக்குச் சூலுவில் இசுண்டு. இந்தப் பெயர்களை இரு மொழியிலும் அட்டையில் எழுதிக் கன்றில் கட்டியிருக்கிறோம். பிள்ளைகள் இரண்டையும் படிக்கிறார்கள்.

உம்டோனி விதையைச் சேமிக்க முடியாது. பழத்தசையைக் கழுவிய அன்றே விதையுங்கள். வாகை, முள்மர விதைகளுக்குக் கொதித்து இறக்கிய வெந்நீரை ஊற்றி இரவு முழுக்க ஊறவிட வேண்டும். உப்பியவை மட்டும் பாட்டிலுக்கு. உம்சின்சிக்கு விதையே வேண்டாம், கை பருமன் போத்தை (கிளைத் துண்டை) ஒரு வாரம் நிழலில் காயவிட்டு நட்டால் துளிர்க்கும்.

நடும் முன் மறுதாம்பைத் தூரோடு தோண்டி எடுங்கள். இடைவெளி 2 மீட்டர். ஹெக்டேருக்கு 2,500 கன்று. 3 மீட்டர் விட்டால் 1,100தான் ஆகும், வேலை மிச்சம்போலத் தெரியும். ஆனால் நிழல் சேர இன்னும் பல ஆண்டு ஆகும், அதுவரை புல் ராஜ்யம். கிளைகள் ஒன்றையொன்று தொட்டு நிழல் விழுந்தால்தான் புல் சாகும், புல் செத்தால்தான் தீ பயம் குறையும். அதுவரை ஆண்டுக்கு மூன்று முறை களை எடுக்க வேண்டும். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டம் சுத்தமாக இருக்கட்டும். மழைக்காலத்தில் அந்த வட்டத்தில் சோகை மூடாக்குப் போடுங்கள், வைகாசி பிறந்ததும் இழுத்து வெளியே போட்டுவிடுங்கள். நாங்கள் இழந்த 363இல் பாதி அந்த மூடாக்கோடு சேர்ந்து எரிந்தவை.

தீ வரும் நாள்

பாக்கி-சாக்கி என்பது பிக்அப் வண்டியில் ஏற்றிய தண்ணீர்த் தொட்டியும் பம்பும். ஓடைக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று இருக்கட்டும், ஆடி முதல் நாளிலிருந்து நிரம்பியே நிற்கட்டும். முதுகில் மாட்டும் தெளிப்பான், ரப்பர் அடிப்பான், கனத்த பருத்திச் சட்டை, தோல் பூட்ஸ். நைலான் உடுப்போடு வருபவரைத் திருப்பி அனுப்புங்கள், அது உருகித் தோலில் ஒட்டும். பயிற்சி பெறாதவர் தீ முகத்துக்குப் போகக் கூடாது. சாலையில் நின்று தீயணைப்பு வண்டிக்கு வழி காட்டுவதும் வேலைதான்.

ஒன்றை மட்டும் எல்லாருக்கும் மனப்பாடமாகச் சொல்லிவையுங்கள். பெர்க் காற்று நின்று ஒரு நிமிடம் அமைதியானால் தீ அடங்கிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அதற்குப் பின்னால் குளிர்காற்று தென்மேற்கிலிருந்து பாயும். அதுவரை பக்கவாட்டில் சோம்பலாக எரிந்த நீண்ட ஓரம் முழுதும் அப்போது முன்முகமாக மாறும். காற்று நின்றதுமே எரிந்து முடிந்த கறுப்பு நிலத்துக்குள் வந்துவிட வேண்டும்.

எரிந்துபோனால், கன்றுகளை அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். நாங்கள் பிடுங்கினோம், இன்றுவரை வருத்தம். முதல் மழை வரட்டும். தண்டின் அடியில் நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் தரையிலிருந்து நான்கு விரல் விட்டு வெட்டி விடுங்கள். முள்மரமும் உம்சின்சியும் பெரும்பாலும் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். பச்சை இல்லாத குழிக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். ஐப்பசியில் குச்சிகளை எண்ணினால், எத்தனை பாட்டில் விதைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.