வைத்துக் குடிக்க போர்தோ ஒயின் வாங்கும்போது

பல வருடம் வைத்திருக்க வாங்கும், பிரான்ஸின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயினில் இப்போதே இதமாக இருப்பதைத் தேடாதீர்கள். அங்குள்ள மெதோக்கில் கபர்னே சோவின்யோன் என்ற திராட்சையில் செய்யும் ஒயின் இளமையில் ஈறைப் பிடித்து இழுக்கும். அந்தத் துவர்ப்பு, அதாவது டானின், அதைக் காக்கும். ஆனால் கூடவே புளிப்பும் பழச்சுவையும் வேண்டும். விழுங்கியபின்னும் சுவை நிற்க வேண்டும். பழம் மெலிந்து துவர்ப்பு மட்டும் மிஞ்சினால், எத்தனை வருடம் வைத்தாலும் தேறாது. திராட்சை அறுவடையான ஆண்டையும் பாருங்கள்: 2016 அருமையான ஆண்டு; 2013-ஐ நெடுங்காலத்துக்கு நம்ப வேண்டாம்.

பழைய பாட்டிலில் ஒயின் மட்டம் தோள்பட்டையின், அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியின், நடுவரை இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள், தக்கை காற்றை உள்ளே விட்டிருக்கக்கூடும். 12–14 டிகிரி செல்சியஸில், இருட்டில், படுக்கவைத்தே வையுங்கள். நிறுத்திவைத்தால் தக்கை காய்ந்து சுருங்கக்கூடும். ஆறு பாட்டிலாக வாங்குவது நல்லது: எட்டாம் வருடம் ஒன்றைத் திறந்து பார்த்து, மற்றதை முடிவுசெய்யலாம்.