இளைத்த தசை, கொழுத்த வயிறு: வீட்டுப் பெரியவர்களின் தட்டை மாற்றுவது எப்படி?

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால்? வயிறு முன்னால் தள்ளியிருக்கும், தொடையும் கெண்டைக்காலும் சூம்பியிருக்கும், நாற்காலியை விட்டு எழக் கையூன்ற வேண்டியிருக்கும். மருத்துவர்கள் இதைச் சார்கோபீனிக் ஒபிசிட்டி என்கிறார்கள். தோட்டத்தில் மாடு கன்று பார்த்த காலத்துச் சாப்பாட்டளவு அப்படியே இருக்க, வேலை மட்டும் நின்றுபோன வீடுகளில் இது வர வாய்ப்பு அதிகம். இவர்களுக்குச் சோற்றை மட்டும் பாதியாக்கினால் எடை குறையும்தான். கூடவே மிச்சமிருக்கும் தசையும் கரையும். அதனால் முதலில் புரதத்தைக் கூட்டுங்கள், பிறகு மற்றதைக் குறையுங்கள்.

படி 1: தொடங்கும் முன் பரிசோதனை

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் கீழே சொல்லும் புரத அளவு பொருந்தாது, மருத்துவர் சொல்லும் அளவுதான். இன்சுலினோ கிளிமெபிரைடு மாத்திரையோ எடுப்பவருக்குச் சோறு குறைந்தால் சர்க்கரை சட்டென்று தாழும். முன்கூட்டியே சொல்லி மருந்தளவைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

பிறகு ஒரு சோதனை. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு 5 முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை பலவீனம் இருக்கலாம் என்பது தசை இளைப்பு பற்றிய 2019 ஆசிய மருத்துவ வழிகாட்டுதலின் அளவு. நேரத்தையும் இடுப்புச் சுற்றளவையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

படி 2: எவ்வளவு புரதம்?

உயரத்தில் (செ.மீ.) 100ஐக் கழித்து 1.2ஆல் பெருக்குங்கள். 155 செ.மீ. உயரமுள்ள அம்மாயிக்கு 55 × 1.2 = 66 கிராம். இருக்கிற எடையை வைத்துக் கணக்குப் போட்டால் தேவைக்கு மேல் போய்விடும். இதை மூன்று வேளைக்கும் பிரித்து, வேளைக்கு 20 கிராமுக்குக் குறையாமல் பாருங்கள். வயதான தசைக்குச் சிறு அளவு உறைக்காது. காலையில் வெறும் இட்லி, மதியம் ரசச் சோறு, இரவில் ஒரு டம்ளர் பால் என்றால் எந்த வேளையும் தேறாது.

படி 3: அதே சமையல், வேறு அளவு

காலை: நான்கு இட்லிக்குப் பதில் 2 இட்லி, 30 கிராம் பச்சைப்பயறு கடைந்தது, ஒரு முழு முட்டை, 2 முட்டை வெள்ளைக்கரு. சுமார் 24 கிராம் புரதம்.

மதியம்: அரிசியும் பருப்பும். பொதுவாக ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் பருப்புதான் போடுவார்கள். சமமாகப் போடுங்கள், ஒருவருக்கு அரிசி 40 கிராம், துவரம்பருப்பு 40 கிராம். தண்ணீரைக் கூட்டிக் குழைய விடுங்கள், இல்லாவிட்டால் தொண்டையில் அடைக்கும். இதோடு 20 கிராம் மீல் மேக்கரில் பொரியல், அரைக் கிண்ணம் தயிர். சுமார் 25 கிராம். கறி எடுக்கும் நாளில் மீல் மேக்கருக்குப் பதில் 50 கிராம் கோழிக்கறி போதும்.

இரவு: 30 கிராம் அரிசி, 40 கிராம் பருப்பு அரைத்த அடை, தேங்காய்ச் சட்னிக்குப் பதில் 20 கிராம் நிலக்கடலைச் சட்னி, சர்க்கரை இல்லாமல் 200 மி.லி. பால். சுமார் 22 கிராம்.

கொள்ளில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தெளிந்த கொள்ளு ரசத்தில் மணம் உண்டு, புரதம் சொற்பம். அது பயறோடு சட்டியின் அடியில் நிற்கிறது. இரவு முழுக்க ஊறவைத்து, மசிய வேகவிட்டு, சின்ன வெங்காயம், சீரகம், பூண்டோடு கடைந்து பயறாகவே உண்ணக் கொடுங்கள். முதல் வாரம் ஆளுக்கு 15 கிராம் போதும், பிறகு 30. எடுத்தவுடன் கூட்டினால் வாயு பிடித்து, "இது எனக்கு ஒத்துக்காது கண்ணு" என்று தட்டைத் தள்ளிவிடுவார்கள். பயறு கூடும்போது தண்ணீரும் கூடணும், இல்லாவிட்டால் மலச்சிக்கல்.

படி 4: எதைக் குறைப்பது?

நாளைக்கு நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம், 160 கலோரி. முதலில் அதில் கை வையுங்கள். அடுத்தது பேக்கரியில் வாங்கிவரும் பப்ஸும் தேங்காய் பன்னும். எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்குள் இருக்கட்டும். செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் என்றாலும் கலோரி அதேதான்.

படி 5: வீட்டார் செய்ய வேண்டியது

பல வீடுகளில் ஆத்தா கடைசியாகத்தான் உண்பார். அதற்குள் பருப்புச் சட்டி காலி, குழம்பில் கறி பேரன் தட்டுக்குப் போய்விட்டது, மிஞ்சுவது சோறும் ரசமும். தசை இளைக்க இந்தப் பந்தி வரிசையே போதும். அவர் பங்கைச் சமைத்தவுடன் தனிக் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள்.

அவருக்கு மட்டும் பத்தியச் சாப்பாடு என்றால் பத்து நாள்கூடத் தாங்காது. அரிசி பருப்பு அளவு எல்லோருக்கும் மாறட்டும். "சோத்தக் கொறைங்க" என்பதைவிட, "அம்மாயி, மொதல்ல இந்தப் பயற உண்ணுங்க, அப்பறம் சோறு போடறனுங்க" என்பது நடக்கும். பயறு பாதி வயிற்றை நிரப்பிவிடும்.

அமாவாசை, கிருத்திகை, புரட்டாசிச் சனி வந்தால் முட்டை, கறிக்குப் பதில் 50 கிராம் பன்னீர் (9 கிராம் புரதம்) வைத்துக்கொள்ளுங்கள். பல் இல்லாதவருக்குப் பன்னீரை உதிர்த்தும், கறியைக் கொத்தியும் கொடுக்கலாம்.

படி 6: எழுந்து உட்காரும் பயிற்சி

தசைக்கு வேலை கொடுக்காவிட்டால் புரதத்தால் பெரிய பலன் இல்லை. காலையும் மாலையும் நாற்காலியில் 5 முறை எழுந்து உட்காரட்டும், வாரம் ஒன்று கூட்டி 10 வரை. மூட்டுவலி இருந்தால் தலையணை போட்டு இருக்கையை உயர்த்துங்கள். கூடவே பேத்தியும் செய்தால் விட்டுப்போகாது.

படி 7: 15 நாளுக்கு ஒருமுறை கணக்கு

எடை மாதத்துக்கு 1 முதல் 2 கிலோ வரை இறங்கலாம். எடை இறங்கி, எழும் நேரமும் குறைந்தால் சரியாகப் போகிறது. எடை அசையாமல் இடுப்பு மட்டும் சுருங்கினாலும் நல்லதுதான். எடை இறங்க இறங்க எழும் நேரம் கூடினால் தசை போகிறது: குறைத்த சோற்றில் ஒரு கரண்டியைத் திரும்பப் போட்டு, எந்த வேளையில் புரதம் 20 கிராமுக்குக் கீழே போயிற்று என்று தேடுங்கள். பெரும்பாலும் இரவு வேளையாக இருக்கும்.