வீட்டுக்காரர் உள்ளே இருக்கும்போது

செக் பவுன்ஸ் வழக்கில் என் வீட்டுக்காரருக்குச் சில மாதச் சிறை. உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், அழுவதற்கு முன் வக்கீலிடம் மேல்முறையீடு பற்றிக் கேளுங்கள். 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் போட வேண்டும். ஏற்கெனவே ரிமாண்டில் இருந்திருந்தால் அந்த நாட்கள் தண்டனையில் கழியும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசம்.

அப்புறம் மனு பார்ப்பது, அதாவது சிறைக்குப் போய் அவரைச் சந்திப்பது. ஆதார் ஒரிஜினலும் நகலும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். போனை உள்ளே விடமாட்டார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள், நினைத்ததெல்லாம் மறந்துவிடும். நான் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போவேன்: ஸ்கூல் ஃபீஸ் கட்டியாச்சு, கடை வாடகை பாக்கி, அத்தைக்குச் சுகர் மாத்திரை வாங்கியாச்சு. அழுகையைத் திரும்பி வரும் பஸ்ஸில் வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளிடம் ‘அப்பா துபாய் போயிருக்கார்’ என்று சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுப் பையன் உண்மையைச் சொல்லிவிடுவான்.

தீர்ப்பில் அபராதமும் இருந்தால் முன்கூட்டியே கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இல்லையென்றால் அதற்கும் சேர்த்து உள்ளே இருக்க வேண்டிவரும்.