1981 டி அண்ட் டி: முதல் ஆட்டத்திலேயே எல்லாரும் சாகாமல் நடத்துவது எப்படி?

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக நடித்துக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் (டி அண்ட் டி) எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன. எனக்குப் பிடித்தது 1981-இல் டாம் மோல்ட்வே தொகுத்த பேசிக் விதிநூல்தான். மொத்தம் 64 பக்கம், முதல் மூன்று லெவல் மட்டும். ஐந்தாம் பதிப்பில் பழகிய கையோடு இதை நடத்தப் போய் முதல் அறையிலேயே மூன்று பேரைக் கொன்றேன். தப்பு எங்கே என்று பிடிபட மூன்று வாரம் ஆனது. டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) யார், ஆட்டம் எப்படி நகரும் என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: புத்தகம், பகடை
பழைய பெட்டிக்கு அலைய வேண்டாம், பிடிஎஃப் விலைக்குக் கிடைக்கிறது. ஆட்டத்தின் நடுவே புரட்ட ஓல்ட்-ஸ்கூல் எசென்ஷியல்ஸ் என்ற புதிய புத்தகம் வசதி: அதே விதிகள், ஒழுங்கான அடுக்கு. ஆனால் கற்றுக்கொள்ள மோல்ட்வேயைத்தான் படியுங்கள். பகடை ஆப் வேண்டவே வேண்டாம், உருளும் சத்தத்தில்தான் பாதி பயமே இருக்கிறது. (அந்தக் காலப் பெட்டியில் பகடையோடு ஒரு கிரேயானும் வரும். எண்களுக்கு நாமே மெழுகு தேய்க்க வேண்டும்!)

படி 2: பாத்திரம்
வலிமை, புத்தி போன்ற ஆறு பண்புகளுக்கு மூன்று ஆறுமுகப் பகடை, ஆறு முறை, விழுந்த வரிசையிலேயே எழுதுங்கள். பாத்திர வகுப்புகள் ஏழு; எல்ஃப், டுவார்ஃப், ஹாஃப்லிங் என்ற மனிதரல்லாத இனங்கள் மூன்றும் தனி வகுப்புகளே. ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி) 0 என்றால் சாவுதான்.

படி 3: ஆர்மர் கிளாஸ்
அடியிலிருந்து எவ்வளவு பாதுகாப்பு என்பதைச் சொல்லும் எண் இது. இங்கே எண் குறையக் குறையப் பாதுகாப்பு அதிகம். கவசம் இல்லையென்றால் 9, பிளேட்டும் (உலோகத் தகட்டுக் கவசம்) கேடயமும் இருந்தால் 2. புத்தகத்தில் உள்ள தாக்குதல் அட்டவணையை மறந்துவிடுங்கள். முதல் லெவலில் 20 முகப் பகடையோடு எதிரியின் ஆர்மர் கிளாஸைக் கூட்டுங்கள். 19 அல்லது அதற்கு மேல் வந்தால் அடி விழுந்தது.

படி 4: நான் சறுக்கிய இடம்
கதவைத் திறந்தார்கள், உள்ளே ஆறு கோப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்). யோசிக்காமல் "பாய்கின்றன" என்றேன். அதுதான் தப்பு. முதலில் இரண்டு ஆறுமுகப் பகடை உருட்ட வேண்டும். 2 விழுந்தால்தான் உடனடித் தாக்குதல். 3 முதல் 5 வரை தாக்கலாம், தாக்காமலும் இருக்கலாம். 6 முதல் 8 வரை அவை தயங்கி நிற்கும். 12 என்றால் சிநேகமே ஆகிவிடும். அதாவது, பெரும்பாலும் பேச ஒரு வாய்ப்பு உண்டு.

சரி, சண்டை வந்தேவிட்டது. அப்போது மொரேல், அதாவது எதிரியின் மன உறுதி. எதிர்த்தரப்பில் முதல் ஆள் விழும்போது ஒரு முறை, பாதிப் பேர் விழும்போது இன்னொரு முறை, அதே இரண்டு பகடை. கோப்ளினுக்கு மொரேல் 7. அதைத் தாண்டினால் ஓட்டம்! 36-க்கு 15 வாய்ப்பு. இந்த இரண்டு உருட்டலையும் நான் விட்டுவிட்டேன். விட்டால் இது வெறும் கசாப்புக்கடை.

கணக்கையும் பாருங்கள். ஒரு கோப்ளினைக் கொன்றால் அனுபவப் புள்ளி 5. வெளியே கொண்டுவரும் ஒரு பொற்காசுக்குப் புள்ளி 1. ஃபைட்டர் (போர்வீரர் வகுப்பு) இரண்டாம் லெவல் போக 2,000 வேண்டும். 400 கோப்ளின்களை வெட்டுவதா, ஒரு பெட்டியைத் திருடிக்கொண்டு ஓடுவதா?

படி 5: நேரம்
ஒரு டர்ன் 10 நிமிடம். பந்தம் ஆறு டர்ன் எரியும். இரண்டு டர்னுக்கு ஒரு முறை ஆறுமுகப் பகடையை உருட்டுங்கள், 1 விழுந்தால் ஏதோ வருகிறது. கோடு போட்ட நோட்டில் பென்சிலால் குறித்தாலே போதும்.

பின்சேர்க்கை: மேஜிக்-யூசருக்கு (மந்திரவாதி வகுப்பு) 1 ஹிட் பாயிண்ட் விழுந்தால் என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். முதல் லெவலில் 1 அல்லது 2 விழுந்தால் டிஎம் மறுபடி உருட்ட விடலாம், புத்தகத்திலேயே இருக்கிறது. இன்னொருவர் மேசையில், ஆட்டக்காரர்கள் ஓடினாலும் எதிரி துரத்திப் பிடித்துக் கொன்றுவிட்டதாம். ஓடும்போது எதையாவது கீழே போடச் சொல்லுங்கள்: மிருகத்துக்குச் சாப்பாடு, புத்தியுள்ளதற்குக் காசு. ஆறுமுகப் பகடையில் 1 முதல் 3 வரை விழுந்தால் அது நின்று பொறுக்கத் தொடங்கிவிடும்.