பெங்களூரில் சொந்தத் தொழில்: கல்லாப் பணத்தில் கோட்டை விடும் இடங்கள்

இந்தியாவில் உழைப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் மாதச் சம்பளம் என்ற ஒன்றே கிடையாது. 2023–24ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பில் சொந்தத் தொழில் செய்பவர்களின் பங்கு 58 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. வீட்டுக் கடையில் கூலி வாங்காமல் உழைக்கும் மனைவி, பிள்ளைகளும் இதில் அடக்கம். பெங்களூரின் அல்சூர், முருகேஷ்பாளையா, விவேக் நகர் பக்கம் போனால் இந்தக் கணக்குக்கு உயிர் வந்துவிடும். டிபன் கடை, மாவுக் கடை, இஸ்திரி வண்டி, பீன்யா தொழிற்பேட்டையில் லேத் பட்டறை என்று எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள். உழைப்பில் இவர்களைக் குறை சொல்ல முடியாது. கைக்கு வந்த பணத்தில் எது நம்முடையது, எது அடுத்தவருடையது என்று பிரிக்காமல் விடும்போதுதான் தொழில் ஆட்டம் காண்கிறது.

ஒரு சின்ன டிபன் கடையின் ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள், மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். வியாபாரம் 6,500 ரூபாய். அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி, கேஸ் எல்லாம் 3,600. மாஸ்டர் கூலி 900. வாடகை நாளுக்கு 600. கரண்ட், பார்சல் கவர் என்று 200. மிச்சம் 1,200. மாதம் 26 நாள் கடை திறந்தால் 31,200 ரூபாய். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருப்பது இரண்டு பேர். ஆளுக்கு 15,600தான். அதே கடையில் மாஸ்டர் 23,400 வாங்குகிறார். முதல் தவறு இதுதான்: தங்கள் கூலியைச் செலவில் எழுதாமல், மிஞ்சியதையெல்லாம் லாபம் என்று நினைப்பது. அந்த இரண்டு கூலியையும் கழித்துப் பார்த்தால் இட்லி, தோசை விலை போதவில்லை என்பது முதல் மாதமே தெரிந்துவிடும். தெரியாவிட்டால், கிரைண்டர் பழுதாகும் நாளில் கையில் பணம் இருக்காது.

இதே கடையின் ஆண்டு வியாபாரம் எவ்வளவு? 20 லட்சத்து 28 ஆயிரம். உணவகம் உள்ளிட்ட சேவைகளுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் எல்லை 20 லட்சம். பொருள் மட்டும் விற்கும் கடைகளுக்கு கர்நாடகத்தில் 40 லட்சம். இந்த எல்லை லாபத்தைப் பார்ப்பதில்லை, மொத்த விற்பனையைத்தான் பார்க்கிறது. “நமக்கு என்ன பெரிய வருமானம், நமக்கெல்லாம் ஜிஎஸ்டி வராது” என்று பேசும் கடைக்காரர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

2025 ஜூலையில் பெங்களூரின் பேக்கரி, டீக்கடை, காண்டிமென்ட்ஸ் கடைகளுக்கு வணிகவரித் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது நினைவிருக்கும். யூபிஐ வழியாக வந்த தொகையைக் கூட்டிப் பார்த்து அனுப்பிய நோட்டீஸ் அது. பல கடைகளில் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ‘கேஷ் மட்டும்’ என்று எழுதி வைத்தார்கள். பதிவு செய்துகொள்பவர்களிடம் பழைய பாக்கியைக் கேட்க மாட்டோம் என்று பிறகு மாநில அரசு இறங்கி வந்தது. கியூஆரைக் கழற்றுவது தீர்வே இல்லை என்பது என் உறுதியான கருத்து. வாங்கும் பணம் எந்த வழியில் வந்தாலும் விற்பனை விற்பனைதான்.

கழற்ற வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. கடை கியூஆரிலேயே சீட்டுப் பணம், மச்சினன் திருப்பிக் கொடுத்த கைமாற்று, ஊரில் நிலம் விற்ற பங்கு எல்லாவற்றையும் வாங்கும் பழக்கம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாமே வியாபாரமாகத்தான் தெரியும். தொழிலுக்குத் தனியாக ஒரு கரண்ட் அக்கவுண்ட் வைத்து, அதிலிருந்து வீட்டுக்கு மாதம் ஒரு தொகையைச் சம்பளமாக எடுத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். இன்னொன்று, எல்லை கணக்கிடப்படுவது பான் எண்ணை வைத்து. ஒரே பெயரில் டிபன் கடையும் பெட்டிக் கடையும் இருந்தால் இரண்டும் சேர்ந்துதான் கணக்கு. பால் போன்ற வரியில்லாப் பொருளை மட்டுமே விற்பவருக்குப் பதிவு தேவையில்லை. ஆனால் அதோடு டீயும் போட்டு விற்றால், பால் விற்ற தொகையும் கூட்டலில் சேரும்.

சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறைக்கு காம்போசிஷன் என்று பெயர். அதில் சேர்ந்தால் உணவகத்துக்கு விற்பனையில் 5 சதவீதம் வரி. அந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. நம் டிபன் கடைக்கு அது ஒரு நாளைக்கு 325 ரூபாய், அதாவது மிஞ்சும் 1,200இல் கால் பங்குக்கு மேல். அதனால் விற்பனை 17, 18 லட்சத்தைத் தொடும்போதே விலையைத் திருத்திவிட வேண்டும்.

கடை பிடிக்கும்போது நடக்கும் தவறும் இதோடு சேர்ந்ததுதான். பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது வழக்கம். 18,000 வாடகைக்கு 1,80,000 ரூபாய் கட்டட உரிமையாளரிடம் போய் முடங்கிவிடும். அது உங்கள் பணம்தான், ஆனால் தொழிலுக்கு உதவாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன், அந்தத் தெருவில் அந்தத் தொழிலுக்கு மாநகராட்சியின் ட்ரேடு லைசென்ஸ் கிடைக்குமா என்று விசாரியுங்கள். பெயர்ப் பலகை எழுதும்போது 60 சதவீதம் கன்னடத்தில் இருக்க வேண்டும் என்ற சட்டத்தையும் மனதில் வையுங்கள். ஆசையாகத் தமிழில் மட்டும் எழுதிவிட்டு அப்புறம் மாற்றினால் இரட்டைச் செலவு.

பீன்யாவில் சிக்கல் வேறு மாதிரி. சிஎன்சி என்ற கம்ப்யூட்டர் லேத்தில் ஆபரேட்டராகப் பல வருடம் வேலை பார்த்தவர், பழைய மெஷின் ஒன்றை வாங்கி ஜாப் ஒர்க் (அடுத்த கம்பெனிக்குக் கூலிக்கு உதிரிபாகம் செய்து தருவது) எடுக்கத் தொடங்குகிறார். கை சுத்தம், வேலை சுத்தம். வேலை கொடுத்த பார்ட்டி பேமெண்ட் தருவது மட்டும் தொண்ணூறு நாள் கழித்து. ஒரு லட்சத்துக்குப் பில் போட்டு 18 சதவீத வரி என்றால், 18,000 ரூபாயை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். பார்ட்டி பணம் தந்தாரா என்று அரசு கேட்காது. மூன்று மாதம் இப்படியே போனால் வரியைக் கட்டவே கடன் வாங்கும் நிலை வரும்.

இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இந்தக் கெடுவைத் தாண்டிப் பாக்கி வைக்கும் நிறுவனம், பணம் தரும்வரை அந்தத் தொகையைத் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் வந்துவிட்டது. கேஸ் போட்டால் ஆர்டர் போய்விடுமே என்ற பயம் நியாயமானதுதான். அந்த நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் ஆளிடம் இந்த வரி விதியைப் பணிவாக நினைவூட்டலாம், அதற்குக் கேஸ் தேவையில்லை.

இதெல்லாம் கிடைக்க உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வேண்டும், சரக்கு கொடுப்பதற்கு முன்பே வேண்டும். அரசுத் தளத்தில் அது முழுக்க இலவசம். ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தளங்கள் அரசுத் தளம் இல்லை. பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள், டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். நாள் கணக்கு அங்கிருந்துதான் ஓடும்.

பணம் வராத இடைவெளியில்தான் தண்டல்காரர் வருகிறார். பத்தாயிரம் கடனில் 1,500ஐப் பிடித்துக்கொண்டு 8,500 தருகிறார், நூறு நாளைக்குத் தினம் நூறு ரூபாய் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெறும் 15 சதவீதம் போலத் தெரியும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் இது 120 சதவீதத்துக்கும் மேல். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், சிஷு பிரிவில் 50,000 வரை அடமானம் இல்லாமல் கேட்கலாம். வங்கி அலைக்கழிக்கும், உண்மைதான். அதனால் கடன் தேவைப்படாத மாதத்திலேயே விண்ணப்பித்து வைப்பது நல்லது.

ஐடி வேலையை விட்டுத் தனியாகச் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 80,000 சம்பளத்தை மணிக்கணக்கில் வகுத்து அதையே கட்டணமாகச் சொல்லாதீர்கள். வேலை இல்லாத வாரங்கள், லேப்டாப், பிஎஃப் எல்லாம் இனி உங்கள் தலையில். பணம் தரும்போதே கிளையண்ட் பிடித்துக்கொள்ளும் வரியான டிடிஎஸ்ஸோடு வரி முடிந்துவிடாது, மீதியை ஆண்டு முடியும் முன்பே தவணையாக, அட்வான்ஸ் டாக்ஸாகக் கட்ட வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் முன்பே குடும்பத்துக்குச் சொந்தமாக மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். அப்பாவுக்கு ஏற்கெனவே சர்க்கரை இருந்தால் அதற்கான காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை போகலாம், அது பாலிசி எடுத்த நாளிலிருந்துதான் தொடங்கும். கம்பெனி குரூப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற முடியுமா என்று ஹெச்ஆரிடம் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.