இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து விண்மீன் படமெடுக்க ஏற்ற ஒளிவிலகல் தொலைநோக்கியைத் தேர்வது எப்படி?

ஏர்வாடி, வாலிநோக்கம் போன்ற மன்னார் வளைகுடாக் கரை ஊர்கள் ஏறத்தாழ 9.2 பாகை வட அட்சரேகையில் உள்ளன. தெற்கே கடல் மட்டுமே இருப்பதால், மீன்பிடிப் படகுகளின் விளக்குகளைத் தவிர அத்திசையில் வெளிச்சத் தொல்லை குறைவு. லண்டனிலிருந்து ஒருபோதும் காண முடியாத ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து இங்கே 33 பாகை உயரத்துக்கும், கரீனா நெபுலா என்ற வாயுமுகில் 21 பாகை உயரத்துக்கும் எழுகின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்குவதற்கு முந்தைய மார்ச், ஏப்ரல் நள்ளிரவுகள் இவற்றுக்கு உகந்தவை. இந்த வானத்தையும் இந்தக் காற்றையும் மனத்தில் கொண்டுதான் தொலைநோக்கியைத் தேர வேண்டும்.

உப்புக் காற்றுள்ள இடத்தில் லென்சால் ஒளியைக் குவிக்கும் ஒளிவிலகல் வகை பொருத்தமானது என்பதற்கு எளிய காரணம் உண்டு: அதன் குழாய் முன்புறம் லென்சால் மூடப்பட்டிருக்கிறது, உப்பு படிந்து கெடக்கூடிய அலுமினியப் பூச்சுள்ள ஆடி எதுவும் அதில் இல்லை.

பெரிய முகப்பு லென்சு விட்டத்துக்கு ஆசைப்பட வேண்டாம். கடற்காற்றில் நீண்ட குழாய் பாய்மரமாகிவிடும். 60 முதல் 80 மி.மீ. விட்டமும், 350 முதல் 480 மி.மீ. குவியத் தூரமும் (லென்சிலிருந்து பிம்பம் குவியும் இடம் வரையுள்ள தூரம்) தொடக்கத்துக்குப் போதும். 360 மி.மீ. குவியத் தூரமுள்ள குழாயில் ஏ.பி.எஸ்.-சி எனப்படும் நடுத்தர அளவுச் சென்சார் கொண்ட கேமராவைப் பொருத்தினால் ஏறத்தாழ 3.7 பாகை அகலமும் 2.5 பாகை உயரமும் உள்ள வானப்பரப்பு கிடைக்கும். சுமார் 2 பாகை அகலமுள்ள கரீனா நெபுலா அதற்குள் தாராளமாக அடங்கும். கேமராவின் பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து, 206 ஆல் பெருக்கி, மி.மீ.-இல் உள்ள குவியத் தூரத்தால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை வில்விநாடி (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) என்பது தெரியும். இந்த விடை 2-ஐ ஒட்டி இருந்தால், காற்றின் சிறு நடுக்கங்கள் படத்தில் பெரிதாகத் தெரியா.

அடுத்தது கண்ணாடி. இரு சாதாரணக் கண்ணாடிகளை இணைத்துச் செய்த அக்ரோமாட் லென்சு விலை மலிவு. ஆனால் பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி ஊதா வளையம் விழும் என்பதால் படமெடுப்பதற்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. ஓஹாரா நிறுவனத்தின் எஃப்.பி.எல்.-53 போன்ற, நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும் ஈ.டி. கண்ணாடி கொண்ட இரட்டை லென்சுக் குழாயே நடுத்தரச் செலவுக்கு ஏற்றது. மூன்று லென்சுள்ள ட்ரிப்லெட் நிறங்களை இன்னும் நன்றாக ஒருங்கிணைக்கும் என்றாலும் எடையும் விலையும் கூடுதல். மேலும் 21 பாகை உயரத்தில் வளிமண்டலமே நிறங்களைச் சற்றுப் பிரித்துவிடுவதால், அந்த நுணுக்கத்தின் ஒரு பகுதி வீணாகும். விளிம்பு விண்மீன்கள் நீளாமல் இருக்க, அந்தக் குழாய்க்கென்றே செய்த, பிம்பத்தைத் தட்டையாக்கும் ஃபிளாட்னர் லென்சையும் சேர்த்து வாங்குங்கள். பெரும்பாலானவற்றில் அதற்கும் சென்சாருக்கும் இடையே 55 மி.மீ. இடைவெளி வேண்டும்.

மிச்சமாகும் பணம், குழாயைத் தாங்கி விண்மீன்களோடு திருப்பும் மவுண்டுக்குப் போகட்டும். ஓர் அச்சை வான் துருவத்தை நோக்கிச் சாய்த்து வைக்கும் ஈக்வடோரியல் மவுண்டுகள் பல உயர் அட்சரேகைகளை நினைத்துச் செய்யப்பட்டவை. அந்த அச்சை நம் அட்சரேகைக்கு ஏற்ப 9 பாகைக்குத் தாழ்த்தினால் சிலவற்றில் எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும், சிலவற்றில் அளவுகோலே அவ்வளவு தாழாது. வாங்கும் முன் கடைக்காரரிடம் 9 பாகையில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 9 பாகை உயரத்தில்தான் இருக்கும். பனைக்கும் சீமைக்கருவேலுக்கும் பின்னால் அது மறைந்துபோவது சாதாரணம். ஆகையால், வானின் எந்தப் பகுதியை வைத்தும் துருவ அச்சைச் சரிசெய்ய உதவும், நினா (N.I.N.A.) என்ற வானப்பட மென்பொருளின் மூன்று புள்ளி முறை போன்ற ஒன்றைப் பழகிக்கொள்வது நல்லது. அதே கருவேலங்காட்டின் மறைவில் முக்காலியை ஊன்றினால் காற்றும் தணியும். தென்வானம் மறையாதபடி மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லென்சில் பனி படிவதைத் தடுக்க, முகப்பைச் சுற்றிக் கட்டும் 12 வோல்ட் சூடேற்றும் பட்டை இங்கே அவசியம். லென்சில் படிந்த உப்பை உலர்ந்த துணியால் தேய்த்தால் பூச்சு கீறும்; முதலில் ஊதுகுமிழால் ஊதி, பிறகு லென்சுத் திரவத்தால் மெல்ல ஒற்றி எடுங்கள். ஈரம் உலர்ந்த பின்னரே சிலிக்கா ஜெல்லுடன் பெட்டியில் வைக்க வேண்டும்.

பழைய குழாயை விலைக்குக் கேட்பவர்கள், இருட்டறையில் முகப்பு லென்சுக்குள் சாய்வாக டார்ச் அடித்துப் பார்க்கவும். லென்சுகளுக்கு இடையே சிலந்தி வலை போன்ற பூஞ்சை இழைகள் தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.